நார்த்தங்காய் நிறம்

குற்றாலச் சாரல் பத்து நாள் பிந்தி வந்த வருஷம் அது. தென்காசிக்கு மேற்கே, வயல்களை மேடாக்கி மனை பிரித்து உண்டான முல்லை நகரின் மூன்றாம் தெருவில், ஒன்பது வருஷமாகக் கண் தெரியாமல் இருந்த குற்றாலிங்கத்துக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு சாண் சதுரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. சதுரத்துக்கு வெளியே எல்லாம் முன்போலவே இருட்டாக இருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர் குடித்து முடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

"ஏளா ஆவுடை, செவத்துல சதுரமா ஒண்ணு இருக்கே, அது என்னது?"

ஆவுடையம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய விரல் காற்றில் நீண்டிருந்தது. பெயின்டர் மைதீன் முந்தின நாள் மாதிரிக்காக அடித்துவிட்டுப் போன ஏழு சதுரங்களில் நடுவில் இருந்ததைத்தான் அது சரியாகக் காட்டியது.

அந்த ஏழு சதுரங்களுக்குப் பின்னால் மூன்று மாதத்து யோசனை இருந்தது. குற்றாலிங்கம் இருபத்து நாலு வருஷம் புளியரை வரை போகும் பஸ்ஸை ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரங்களில் தொடங்கிய இருட்டு நடுவில் வந்து மூடியபோது, வீடு கட்டுவதற்கு மனை மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஆவுடையம்மாள்தான் ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் ஜன்னல், ஒரு வருஷம் தரை என்று வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாள். குடிவந்து ஆறு வருஷமாகியும் சுவர்கள் சிமெண்டுப் பூச்சோடு சாம்பல் நிறத்தில்தான் நின்றன. இந்த வருஷம் வர்ணம் அடித்துவிடுவது என்று அவள் முடிவு செய்தபோது, கடையிலிருந்து வாங்கி வந்த ஷேடு கார்டு அவள் கையோடு கையாக ஆகிவிட்டது. காலை வெயிலில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு போட்டபின் ஒருதரம் சுவரில் வைத்துப் பார்ப்பாள். எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடும் முன்னால் அந்த வீட்டு அடுப்படியை ஒரு நோட்டம் விட்டு வருவாள். ஹாலுக்கு என்ன என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். அடுப்படிக்கு எது என்பதை அவள் மனம் முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிட்டது. கொய்யாப் பழத்தைப் பிட்டால் உள்ளே தெரியுமே ஒரு சிவப்பு, அதில் கொஞ்சம் பால் ஊற்றிக் கலக்கினால் வரும் நிறம்.

பஜாரில் பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெசிந்தாவிடம் அதைச் சொன்னபோது ஜெசிந்தா தலையாட்டினாள். பதினொரு வருஷமாக அந்த மெஷினில் நிற்கும் அவளுக்கு, ஒருவர் எந்த நிறத்தைச் சொல்லுகிறார் என்பதைவிட எந்த நிறத்தை நினைக்கிறார் என்பது சீக்கிரம் பிடிபடும்.

"அக்கா, அடுப்படிக்கு ரொம்பப் பளபளன்னு கிளாஸி போடாதீங்க, லைட்டு பட்டுக் கண்ணு கூசும். பளபளப்பே இல்லாத மேட்டும் வேண்டாம், எண்ணெ தெறிச்சா துடைக்க வராது. ரெண்டுக்கும் நடுவுல சாட்டின் போடுங்க, ஈரத்துணியால ஒரு இழுப்பு, போயிரும். ஹாலுக்கு மட்டும் மேட். கொத்தனார் விட்ட மேடு பள்ளமெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."

ஆறு நிறங்களுக்கு ஆறு சின்ன டப்பா கலந்து கொடுத்த ஜெசிந்தா, ஏழாவதாக ஒன்றைத் தானாகவே பையில் போட்டாள். யாருக்கோ கலக்கும்போது அளவு தப்பி வந்துவிட்ட நிறம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. நார்த்தங்காய் பழுக்கத் தொடங்குகிறபோது ஒரு பக்கத் தோலில் தோன்றுமே, அது. வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் பார்த்தபோது ஆவுடையம்மாள், "இத எவன் அடிப்பான் வீட்டுல?" என்று முகத்தைச் சுளித்தாள். குற்றாலிங்கத்துக்குத் தெரிந்தது அந்தச் சதுரம்தான்.

மைதீன் வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் பரீட்சை வைத்தான். அட்டைத் துண்டுகளில் ஏழு நிறங்களையும் அடித்து, மாற்றி மாற்றி நீட்டினான். மற்ற ஆறுக்கும் குற்றாலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். நார்த்தங்காய் நிறம் வந்தபோதெல்லாம், "இந்தா", "இந்தா", "இப்பத் தலைகீழாப் பிடிச்சிருக்க, வர்ணம் மேல வழிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அதன்பின் மைதீனுக்குத் தொழில் புத்தி வந்தது. அதே நிறத்தை மூன்று விதமான பூச்சில் அடித்துக் காட்டினான். மேட் பூச்சில் பார்த்தபோது மலையில் மேகம் இறங்கின நாளில் எதிரே வரும் வண்டி போல மங்கலாக இருக்கிறது என்றார். கிளாஸியில் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு, எதிர் வெயிலில் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். சாட்டினில் பார்த்தபோது, பக்கத்தில் போய், மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்று, தூரிகையின் ரோமம் விட்ட கோடுகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவுடையம்மாள் இரண்டு தரம் சோற்றுக்குக் கூப்பிட்டாள்.

அந்த வாரமே கண் டாக்டரிடம் அட்டையைக் கொண்டுபோனார்கள். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், அட்டையை இவருக்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் பிடித்துப் பார்த்தார், பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டினார். நரம்பு ஒன்பது வருஷத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது என்றார். பிறகு, பேனாவை மூடிக்கொண்டே, "வீட்டுல இந்தக் கலரையே அடிச்சுருங்க" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் சீக்கிரம் போகச் சொன்னதால் அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மூன்றாம் தெருவில் பதினெட்டு வீடுகள். மற்ற பதினேழு வீட்டுக்காரர்களும் வந்து சதுரத்தைப் பார்த்துவிட்டு, அது வெறும் சதுரமாக இருப்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக் கற்பகவல்லி டீச்சர் மட்டும் போகும்போது டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப்போனாள். மறுநாள் அவள் வீட்டு இரும்புக் கேட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு ஓடியது. குற்றாலிங்கம் முழங்காலில் இடித்துக்கொள்ளும் கேட் அதுதான். எந்த நேரமும் பாதி திறந்து கிடக்கும். அன்றைக்கு அவர் வாசலில் இறங்கினார், நின்றார், "டீச்சர், ஒங்க கேட்டு இவ்வளவு தூரம் ரோட்டுக்கு வருதா!" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். டீச்சர் கேட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ஆமா அண்ணாச்சி, தப்புதான்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு தெருவை யாராலும் நிறுத்த முடியவில்லை. நடையோரக் கல், சாக்கடை மூடியின் விளிம்பு, மின்கம்பத்தின் இடுப்பு, வேகத்தடை, முனையில் இருக்கும் டீக்கடை பெஞ்சு என்று ஆளுக்கொரு இடமாக நார்த்தங்காய் நிறம் ஏறியது. ஜெசிந்தா அளவு தப்பிய அளவை ஞாபகத்திலிருந்து எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டாள். பால்காரர் சண்முகையா தன் மாட்டின் கொம்புகளுக்கு அடித்துவிட்டார். கறுப்பு இருட்டுக்குள் இரண்டு கொம்புகள் மட்டும் ஆடி ஆடி நடந்து வருவதைப் பார்த்துக் குற்றாலிங்கம் சிரித்த சிரிப்பு மூன்றாவது வீடு வரை கேட்டது. பிள்ளைகள் கிரிக்கெட் பந்துக்கு அடித்தார்கள். அன்றிலிருந்து அவர்தான் அம்பயர். அவருக்கு மட்டையும் தெரியாது, ஆளும் தெரியாது, ஸ்டம்பும் தெரியாது, பந்து மட்டும் தெரியும். அதனால் அவர் தீர்ப்பில் ஓரவஞ்சனை இருக்கிறதென்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் தெருக்காரர் ஒருவர், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மனை விலை விழுந்துவிடும் என்று நகர் நலச் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். சங்கத் தலைவியும் கற்பகவல்லி டீச்சர்தான் என்பதால் கடிதம் வாசிக்கப்பட்டு, வாங்கி வைக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவருடைய சம்சாரமே மறுவாரம் தன் வீட்டுப் படிக்கட்டின் விளிம்புக்கு அடித்துக்கொண்டாள், தனக்கே மழைக்காலத்தில் படி தெரிவதில்லை என்று சொல்லி.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் குற்றாலிங்கம் தனியாக டீக்கடைக்குப் போனார். நடையோரக் கல்லில் ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டே, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் லேசாக முன்னால் வைத்துக்கொண்டு, வளைவில் மெதுவாக, நேரில் கொஞ்சம் வேகமாக. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து ஆவுடையம்மாளிடம், "போய்ட்டு வந்துட்டேன்" என்றார். அவள் அரிசி களைந்த தண்ணீரை வடித்துக்கொண்டே, "சரி" என்றாள்.

அவளுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தோஷத்தோடு சேர்ந்தே இன்னொன்றும் வந்துவிட்டது. மைதீன் மூன்று பூச்சையும் காட்டிய அன்று, அவன் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு சதுரத்தின் ஓரம் பிசிறாக இருக்கிறதே என்று அவளே தூரிகையை எடுத்துச் சரிசெய்தாள். விரலில் வர்ணம் பட்டுவிட்டது.

"ஏளா, அது என்ன, அஞ்சாறு துண்டு காத்துல அசையுது?" என்றார் குற்றாலிங்கம்.

"என் வெரலுதான்."

"ஒன் வெரலா?" அவர் எட்டிப் பிடித்தார். தடவாமல், தேடாமல், தெரிந்த இடத்தில் நேராகக் கைவைத்துப் பிடித்தார். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கையை இழுத்ததற்குக் காரணம் இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம், அவள் உதட்டு ஓரத்தில் மிளகளவு ஒரு வெள்ளை தோன்றியது. பிறகு அது ரூபாய்க்காசு அளவாயிற்று, பிறகு இடது கண்ணைச் சுற்றி, மோவாயில், கழுத்தில், விரல் முனைகளில் என்று வெண்புள்ளி படர்ந்தது. தோல் டாக்டர் இது ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் சில தாய்மார் அவள் பரிமாறக் கூடாது என்று சொன்னதையும், தலைமை ஆசிரியர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசியதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்த நாளில் குற்றாலிங்கம் டீ குடித்துக்கொண்டே, "எனக்குக் கண்ணு போனதுல ஒரு லாபம், எனக்கு நீ இன்னும் நாப்பத்து நாலு வயசுக்காரிதான்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. தெருவுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது என்பதும் தெருவுக்குத் தெரியும். ஆறு வருஷமாக ஒருவரும் வாய் தவறிக்கூட அவரிடம் சொன்னதில்லை. தெருவின் நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

இன்றைக்கு ஒரு நிறம் தெரிகிறது, நாளைக்கு இன்னொன்று தெரியாது என்று யார் சொன்னது? காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் அவருடைய முகத்தைப் பார்ப்பாள், தன்னைப் பார்க்கிறாரா என்று. புருஷனுக்குப் பார்வை வந்துவிடுமோ என்று ஒரு பெண்டாட்டி பயப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டே மறுநாளும் பார்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மைதீன் ஒரு வியாழக்கிழமை, பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்து பிரைமரும் அடித்து முடித்த கையோடு, நார்த்தங்காய் நிறத்தில் இரண்டு பெரிய வாளிகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான்.

"ஹாலு, அடுப்படி ரெண்டுக்கும் சேத்துக் கலக்கச் சொல்லிட்டேன் அக்கா. சாட்டின்."

"அடுப்படிக்கு நான் சொன்னது கொய்யாச் செவப்புல்லா?"

மைதீன் சிரித்தான், வேடிக்கைக்குச் சொல்லுகிறாள் என்று நினைத்து. எதிர்வீட்டிலிருந்து கற்பகவல்லி டீச்சரும் இன்னும் இரண்டு பெண்களும் வர்ணம் அடிப்பதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"ஆவுடை, அடுப்படி முழுக்க இந்தக் கலர அடிச்சுட்டா, அண்ணாச்சி ஒன்னையச் சுத்திச் சுத்தி வருவாங்க. காப்பிகூட அவங்களே போட்டுருவாங்க" என்றாள் டீச்சர்.

"ஹால்ல அடிங்க. படுக்குற ரூம்புல அடிங்க. கக்கூசுல அடிங்க" என்றாள் ஆவுடையம்மாள். "அடுப்படிக்கு கொய்யாச் செவப்புதான்."

"அவருக்கு அது தெரியாதே அக்கா" என்றான் மைதீன்.

"எனக்குத் தெரியும்லா?"

மைதீன் வாளியின் மூடியைத் திறந்தவன் மறுபடி அழுத்தி மூடினான். வந்த பெண்கள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்து கிளம்பினார்கள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க விஷயம் போய்விட்டது. கண் தெரியாத மனுஷனுக்குத் தெய்வமாகப் பார்த்து ஒரு நிறம் கொடுத்திருக்கிறது, இவள் வேண்டாம் என்கிறாளே என்றார்கள். டீக்கடையில் சண்முகையா அதை நாசூக்காகச் சொல்லப் பார்த்து, நாசூக்கு வராமல், நேரடியாகவே சொல்லிவிட்டார். குற்றாலிங்கம் டீயைக் குடித்து முடித்தார், தம்ளரை வைத்தார், கோட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார்.

ஆவுடையம்மாள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"கொய்யாச் செவப்புங்கியே, அது எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் வேண்டாம். நீங்க தெருக்காரங்ககிட்ட கேட்டுக்கோங்க."

"ஒங்கிட்டத்தான் கேக்கேன்."

அவள் ஒரு தண்டை ஒடித்தாள், இன்னொரு தண்டை ஒடித்தாள். பிறகு சொன்னாள். காலை ஆறு மணிக்கு கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுகிற இடத்தில் அது எப்படி இருக்கும், எவர்சில்வர் அலமாரியில் அது எப்படிப் படும், மழை மூட்டமான நாளில்கூட அடுப்படி எப்படி வெதுவெதுவென்று இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனவள், சாம்பல் சுவரைப் பார்த்துப் பார்த்தே ஆறு வருஷம் சமைத்ததையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு வந்து மறுபடி இங்கே நிற்கும்போது, கண்ணுக்கு எதிரே ஒன்று நல்லதாக இருக்க வேண்டும் என்று தோன்றியதையும் சொன்னாள். இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது இது ஒன்றுதான் என்று சொல்ல வந்தாள். அதைச் சொல்லவில்லை. அவர் அதையும் கேட்டுக்கொண்டது போலத் தலையை ஆட்டினார்.

"நம்பரு ஏதாவது உண்டா அதுக்கு?"

"எட்டு, ரெண்டு, ஒண்ணு, ஏழு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குற்றாலிங்கம் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தெருக் கோட்டைப் பிடித்து மெயின் ரோடு போனார். அங்கே கோடு முடிந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவரை, அவரோடு ஒரு காலத்தில் கண்டக்டராக இருந்த மாடசாமியின் பஸ் வந்து ஏற்றிக்கொண்டது. பஜாரில் மாடசாமியே இறங்கி, பயணிகளை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பெயின்ட் கடை வாசலில் விட்டுப் போனார். கடைக்குள் மெஷினுக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டின் மூலையில் ஜெசிந்தா தொட்டு வைத்திருந்த நார்த்தங்காய்ப் பொட்டு அவருக்குத் தெரிந்தது. அதை நோக்கி நேராக நடந்தார்.

"எட்டு ரெண்டு ஒண்ணு ஏழு, சாட்டின், பத்து லிட்டரு. அடுப்படிக்கு."

ஜெசிந்தா தயங்கினாள். "அது ஒங்களுக்குத் தெரியாதே அண்ணாச்சி?"

"நான் பாக்காட்டா என்னம்மா, அங்க நிக்கவ பாப்பால்லா? நீ கலக்கு. அளவு தப்பிராம பாத்துக்கோ."

மெஷின் அந்த வாளியைக் குலுக்கி முடிக்கும் வரை அவர் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். மூடியைப் போடும் முன் ஜெசிந்தா ஒரு விரல் தொட்டு எடுத்துக் கார்டில் வைத்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றாள். அவர் குனிந்து வாளிக்குள் பார்த்தார். இருட்டாக இருந்தது. "ஆமா, நல்லா இருக்கு" என்றார்.

திரும்பி வரும்போது யார் கையிலும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். மூன்றாம் தெருவில் பதினெட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். வாளியின் பக்கவாட்டில் வழிந்திருந்த கொய்யாச் சிவப்பை எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் அது தெரிந்தது, தூக்கி வருகிறவருக்குத்தான் தெரியவில்லை. கற்பகவல்லி டீச்சர் கேட்டை ஒழுங்காகச் சாத்தி அவருக்கு வழிவிட்டாள். மைதீனைக் கூப்பிட்டு, "என்ன பாத்துட்டு நிக்க, போய் ரோலரை எடு" என்று அதட்டினாள். மத்தியானம் தானே ஒரு தூக்குச்சட்டியில் சாம்பார் கொண்டுவந்து, "அடுப்படி காயற வரைக்கும் சமைக்க முடியாதுல்லா" என்று ஆவுடையம்மாள் கையில் கொடுத்தாள். நேற்று பேசியதற்கு மன்னிப்பும் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. ஆவுடையம்மாள் சட்டியைத் திறந்து பார்த்து, "முருங்கைக்காய் போட்டிருக்கீங்களா?" என்றாள். அதோடு அது சரியாயிற்று.

இரண்டு நாளில் ஹால் நார்த்தங்காய் நிறமாகவும் அடுப்படி கொய்யாச் சிவப்பாகவும் ஆயின. ஹாலுக்குள் வந்ததும் குற்றாலிங்கத்துக்கு நாலு சுவரும், ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு இருட்டும், சுவரில் ஆணி அடித்த ஓட்டையும்கூடத் தெரிந்தன. மேட் போட்டிருந்தால் கொத்தனார் விட்ட மேடு பள்ளம் மறைந்திருக்கும். சாட்டினில் எல்லாம் தெரிந்தது. அவர் ஒவ்வொரு மேட்டையும் தடவிப் பார்த்து, பார்த்தது சரிதானா என்று சந்தோஷப்பட்டார். அடுப்படி வாசலுக்கு வந்தால் சுவர் முடிந்து கறுப்பு தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில், குற்றாலிங்கம் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆவுடையம்மாள் அடுப்படியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மிச்சமிருந்த டப்பாவைத் திறந்தாள். தண்ணீரில் கரைக்கிற வர்ணம்தான், தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று மைதீனிடம் கேட்டு வைத்திருந்தாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. முகம் முழுக்கப் பூசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். முழுக்கப் பூசினால் வெள்ளை எது, கறுப்பு எது என்று ஒன்றும் தெரியாது. மூக்கும் முழியுமாகப் பழைய ஆவுடையையே அவர் பார்த்துக்கொள்ளலாம். விரலை டப்பாவில் தொட்டபின் அவளுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளை இருந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தாள். உதட்டு ஓரத்தில் வைத்தாள், இடது கண்ணைச் சுற்றி விளிம்பு பிசகாமல் வைத்தாள், மோவாயில், கழுத்தில், கடைசியாகப் பத்து விரல் முனையிலும் வைத்தாள். நல்ல தோலில் ஒரு சொட்டு படவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கொய்யாச் சிவப்பு முழுவதும் அவருக்குக் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவே, அவர் நெஞ்சு உயரத்துக்கு மேலே, சில துண்டுகள் மிதந்தன. ஒன்று வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. ஒன்று சின்னதாக, ஓரம் நெளிந்து. கீழே பத்துப் பொட்டுகள்.

"இது என்னளா?"

"நான்தான்." அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். "என் தோலு வெள்ளையாப் போன எடம். வெள்ளை இருக்குற எடத்துல மட்டும் கலர வச்சிருக்கேன்."

அவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்.

"எப்பத்துலருந்து?"

"குடிவந்த வருஷத்துலருந்து."

"ஆறு வருஷம்." அவர் எண்ணிப் பார்ப்பதுபோலச் சொன்னார். "எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

அவருடைய முகம் ஒருமாதிரி கோணியது. கோபம் என்று அவள் நினைத்தாள். அது கோபமும்தான். "யாராவது ஏதாவது சொன்னாங்களா ஒன்னைய?" என்று கேட்டார்.

"சொன்னாங்க."

"அதையும் எங்கிட்டச் சொல்லல."

"சொல்லல."

அவர் இரண்டடி முன்னால் வந்தார். "வலிக்குமா?"

"வலிக்காது. ஒண்ணும் செய்யாது. சும்மா இருக்கும்."

கையை நீட்டிக் கண்ணைச் சுற்றியிருந்த வளையத்தின் விளிம்பை ஒரு விரலால் தொட்டார். தொட்ட இடம் நனைந்தது. வர்ணம் இன்னும் காயவில்லை என்று நினைத்தார், பிறகு அது வர்ணம் இல்லை என்று புரிந்தது. விரலை எடுக்கவில்லை.

"அழாத. அழிஞ்சிரும்" என்றார். "ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் பாக்கேன்."

அவள் அழுகைக்கு நடுவில் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். உதட்டு ஓரத்துத் துண்டு மேலே ஏறியது, கண்ணைச் சுற்றிய வளையம் சுருங்கியது, மோவாய்த் துண்டு அகன்றது.

"அந்தா!" என்றார் குற்றாலிங்கம். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "ஏளா, இப்ப என்ன செஞ்ச? அத இன்னொரு தரம் செய்யி."